புக் பண்ணுமுன் இதெல்லாம் தெரியுமா?

நான்கு வழி நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். கவாஸாகி நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ். போன்ற ஸ்போர்ட்ஸ் டூரர் (வேகத்துக்கும் நெடும்பயணத்துக்குமான பெரிய வண்டி) அந்த எண்பதை முதல் கியரிலேயே தாண்டிவிடும், தெரியுமா? முதல் கியரில்! பாக்கி ஐந்து கியரும் தாம்பரத்தில் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். ஆசைக்கு ஏது கணக்கு!

டெஸ்ட் ரைடு முடிந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, முகமெல்லாம் சிரிப்பாக நிற்கும்போதுதான் “புக் பண்ணிடலாமா சார்?” என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

100 சி.சி. வண்டிக்காக எடுத்த அதே கியர் வண்டி லைசென்ஸில் 1,340 சி.சி. ஹயபுசாவையும் நம் நாட்டில் ஓட்டலாம், தெரியுமா? சட்டம் ஒரு வார்த்தை கேட்காது! ஐரோப்பாவில் இந்தக் கதை நடக்காது. அங்கே ஏ2 என்ற இடைப்பட்ட உரிமத்தில் 35 கிலோவாட் வரைதான் அனுமதி. குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 47. இந்த 47-ஐ ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்று நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதைக் கிழித்துப்போக இன்ஜின் தரவேண்டிய சக்தியோ எட்டு மடங்கு! அதனால்தான் 1976இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முழு ஃபேரிங்கை, அதாவது காற்றைத் தடுக்கும் முன் உறையை, இத்தாலிக்குக் கொண்டுபோய், பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் ஊதிப் பார்த்து வடிவமைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் டூரர் என்ற இனமே அங்கிருந்துதான் களைகட்டியது. நம் டெஸ்ட் ரைடில் என்ன நடக்கிறது? அடுத்த யு டர்னில் திரும்பி வந்துவிடுகிறோம். நாற்பதில் போனால் கண்ணாடி காற்றை மார்பில் விடுகிறதா, ஹெல்மெட்டில் அறைகிறதா என்று எப்படித் தெரியும்? வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை கிடக்கிறது. அதில் கொஞ்ச தூரம் விடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

வளைவில் இன்னொரு வேடிக்கை. வேகமாகப் போகிற வண்டியை இடப்பக்கம் சாய்க்க, இடக்கைப் பிடியை முன்னே தள்ள வேண்டும். அதாவது சக்கரத்தை ஒரு நொடி வலப்பக்கம் திருப்புகிறோம்! விமானம் கண்ட வில்பர் ரைட் சைக்கிள்காரர்களிடமே இதைக் கேட்டுப் பார்த்து, தினமும் செய்கிறவர்களுக்கே இது தெரியவில்லை என்று வியந்திருக்கிறார். 235 கிலோ வண்டியில் இந்த வித்தை கைவராவிட்டால் கஷ்டம். பழக வேறு ஊர் போக வேண்டாம். 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், 3.7 கிலோமீட்டர், பக்கத்திலேயே இருக்கிறது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் 2010 முதல் அங்கே வந்து வகுப்பெடுத்திருக்கிறது!

இனி நம்ம ஏரியா சமாச்சாரம். ஊற்றுகிற பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகச் சக்கரத்துக்குப் போவதில்லை, தெரியுமா? மிச்சமெல்லாம் சூடு. மே மாதம், மாலை ஆறு மணி, இரும்புலியூர். முன்னே கிளாம்பாக்கம் பஸ், பக்கத்தில் தண்ணீர் லாரி. ரேடியேட்டர் ஃபேன் ‘உய்ங்’ என்று கத்தத் தொடங்கும். ஃபேரிங் இடுக்கு வழியாக அனல் முழங்காலில் இறங்கும், ஆபீஸ் பேண்ட் தொடையில் ஒட்டும். இடது மணிக்கட்டு கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஓய்ந்துபோகும். இந்தப் பதினைந்து நிமிடத்தை எந்த ஷோரூமும் காட்டாது. காலை பத்து மணிக்கு ஏசி அறையிலிருந்து நேரே ஏறி உட்கார்ந்தால் எல்லா வண்டியும் தேவலோகத்து வண்டிதான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெல்ல ஏறி இறங்க வேண்டும். சேலையூர், சிட்லபாக்கம் உள் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிற மேடுகளுக்கு இதெல்லாம் யார் சொல்வது? நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ். வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 135 மில்லிமீட்டர். இரண்டு பேர் ஏறினால் அதிலும் சஸ்பென்ஷன் அமுங்கும்!

இரண்டாவது ஆள் என்றதும் ஞாபகம் வருகிறது. பின் சீட்டில் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது, தெரியுமா? லட்சக்கணக்கில் விலை சொல்கிற சூப்பர்பைக்குக்கும் அந்தச் சேலைக் கம்பி உண்டு! ஆனால் அந்தக் குட்டி சீட்டில் புடவையோடு ஒருபக்கமாக உட்கார முடியுமா என்பது வேறு கேள்வி. வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு டெஸ்ட் ரைடு போகிறவர்கள் எத்தனை பேர்?

பணக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. (சாலையைச் சொல்லவில்லை, வரியை!) 350 சி.சி. வரை 18 சதவீதம், தாண்டினால் 40. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 உண்மையில் 349 சி.சி.தான், ஒரே ஒரு சி.சி.யில் தப்பித்தது! அதன்மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி 12 சதவீதம். பத்து லட்ச ரூபாய் வண்டிக்குச் சுமார் 1.2 லட்சம், அதில் ஒரு ஸ்கூட்டரே வரும்! நம்பர் பிளேட்டில் தாம்பரத்து டி.என். 11 என்று எழுதிக்கொள்ள இவ்வளவு செலவா என்று மாமனார் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். நல்ல செய்தியும் உண்டு: பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் இரு சக்கர வண்டிக்குக் காசே கிடையாது. 19 லிட்டர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு நிதானமாகப் போனால் திருச்சியே வந்துவிடும்.

சரி, அந்த 47? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் ஒரகடம். 2013இல் அங்கே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது, 2017இல் பக்கத்து வல்லம் வடகாலில் இன்னொன்று. 2018இல் வெளிவந்த இன்டர்செப்டர் 650 தருவது அதே 47 குதிரைத்திறன், ஐரோப்பிய உரிமத்தின் எல்லைக்கோட்டில் கச்சிதமாக! தரை இடைவெளி 174 மில்லிமீட்டர். ஃபேரிங் இல்லை, ஸ்போர்ட்ஸ் டூரரும் இல்லைதான். ஆனால் சிட்லபாக்கத்து மேட்டில் வயிறு உரசாது.

என் தீர்ப்பு: மாதம் ஒருமுறையாவது திண்டிவனத்தைத் தாண்டிப் போகிறவர் பெரிய வண்டியை வாங்கலாம், சத்தியமாக ரசிப்பார். தினமும் ஓ.எம்.ஆர். ஆபீஸுக்குப் போய்வருகிறவர் 650-ஓடு நின்றுகொள்வது நல்லது. இரண்டில் எதுவானாலும் டெஸ்ட் ரைடை மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள், பின் சீட்டில் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.