ஆரோ கிராமமும் கீழ்ப்பாக்கமும்

1954-ஆம் ஆண்டு. நைஜீரியாவின் அபேகுட்டா நகரை ஒட்டிய ஆரோ என்ற இடத்தில் மனநல மருத்துவமனையின் கட்டட வேலை இன்னும் முடியவில்லை. அதன் பொறுப்பில் இருந்த டாக்டர் தாமஸ் லாம்போ அபேகுட்டாக்காரர்தான். பர்மிங்காமில் மருத்துவம் படித்து, லண்டனில் மனநல மருத்துவப் பயிற்சி முடித்துவிட்டு ஊர் திரும்பியவர். மேலைநாட்டுப் பயிற்சி பெற்ற ஆப்பிரிக்க மனநல மருத்துவர்களில் அவர் முன்னோடி. கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெரியவர்களிடம் போய், நோயாளிகளுக்கு வாடகைக்கு இடம் கேட்டார்.

நிபந்தனை ஒன்றுதான்: நோயாளியோடு உறவினர் ஒருவராவது வந்து தங்கவேண்டும். சமைத்துப் போடுவதும், காலையில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அவர் பொறுப்பு. அன்றைய சிகிச்சை முடிந்ததும் கிராமத்தில் விவசாய வேலை, மாலையில் ஊராரோடு பேச்சு. உள்ளூர் வைத்தியர்களையும் லாம்போ ஒதுக்கவில்லை, கூட வைத்துக்கொண்டார். கிராமத்துக்கு வாடகைப் பணம் கிடைத்தது. குழாய்த் தண்ணீரும் கொசு ஒழிப்பும் வந்தன. ஊர்க்காரர்களுக்கும் ஆதாயம் இருந்ததால்தான் திட்டம் நிலைத்தது என்று நினைக்கிறேன். இரக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் ஆறு மாதம்கூட ஓடியிருக்காது.

லாம்போ பிறந்த அதே 1923-இல் மங்களூரில் பிறந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்று, 1961-இல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். ஊர்ப் பேச்சில் ‘கீழ்ப்பாக்கம்’ என்றாலே கேலிதான். உள்ளே போனவர் வெளியே வரமாட்டார் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. அந்த மதிலுக்குள் புறநோயாளிப் பிரிவை வலுப்படுத்தினார் சாரதா மேனன். நோயாளிகள் கைத்தொழில் செய்யத் தொழிற்சிகிச்சை மையம் அமைத்தார். குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசினார். 1978-இல் ஓய்வு பெற்றபின் வீட்டோடு இருந்துவிடவில்லை. மனச்சிதைவு நோய்க்கென்று 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் வந்தது. 2021 டிசம்பரில், 98-ஆம் வயதில் காலமானார்.

கடல் கடந்த இந்த இருவரின் நாடுகளையும் ஒரு பெரிய ஆய்வு ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. 1960-களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் 9 நாடுகளில் 1,202 நோயாளிகளைப் பரிசோதித்துப் பின்தொடர்ந்தது. லாம்போ பேராசிரியராக இருந்த இபாதானும் நம் ஆக்ராவும் அதில் மையங்கள். மனச்சிதைவு நோயாளிகள் லண்டன், ஆர்ஹஸ் நகரங்களில் தேறியதைவிட இந்த இரண்டு ஊர்களிலும் நன்றாகத் தேறியிருந்தார்கள். கூட்டுக் குடும்பமும், ஏதோ ஒரு வேலையில் ஒட்டிக்கொள்ள முடிந்ததுமே காரணம் என்று பலர் சொன்னார்கள். நமக்குக் கேட்க இனிப்பான செய்திதான். ஆனால் ஏழை நாடுகளில் நோய் நன்றாகத் தேறுகிறது என்ற முடிவை அப்படியே ஏற்க முடியாது என்று 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். தாரா, இன்னொருவர் இபாதானின் டாக்டர் ஓயே குரேஜே. குடும்பம் இருந்தால் போதும், மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மருந்து, வேலை, கூட ஓர் ஆள்: மூன்றும் வேண்டும்.

இதைத் திருப்பூரில் வைத்துப் பாருங்கள். இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. கூட இருக்க ஆள்தான் இல்லை. மதுரை, தேனியிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் லைன் வீட்டிலும் கம்பெனி ஹாஸ்டலிலும் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் நாலு நாள் தூங்காமல் கிடக்கிறான், சூப்பர்வைசர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்கிறான், காதில் குரல் கேட்கிறது என்கிறான். பக்கத்துப் பாய்க்காரனுக்கு இது நோய் என்று தெரியாது. கணக்கை முடித்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

மருந்து தொடங்கியவர்களின் பாடு வேறு. மனச்சிதைவுக்குத் தரும் சில மாத்திரைகளால் முதல் வாரங்களில் தூக்கம் அழுத்தும், கை நடுங்கும். அந்தக் கையோடு ஓவர்லாக் மெஷினில் உட்காரவைப்பது ஆபத்து. பிசிறு வெட்டுவது, பீஸ் அடுக்குவது முடியும். நைட் ஷிப்ட் கூடவே கூடாது, தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும். நடுக்கத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றித் தருவார்.

ஆரோவில் வீடு கொடுத்தவர்கள் நோயாளிக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, வாடகை வாங்கியவர்கள். அந்த இடத்தில் இங்கே லைன் வீட்டு ஓனரும் ஹாஸ்டல் வார்டனும் இருக்கலாம். மாத்திரை போட்டாயா என்று தினமும் ஒரு வார்த்தை கேட்கவும், மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகவும் ரத்த உறவு தேவையில்லை. லீவு கேட்டால் ஆளை மாற்றாமல், கொஞ்ச நாளைக்கு இலகுவான வேலை கொடுக்கக் கம்பெனிக்காரர்கள் மனம் வைக்கவேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.