கடலுக்கு உரமிட்டால் காற்று சுத்தமாகுமா?

மண்ணில் சத்துக் குறைந்தால் செம்பனைக்கு உரம் போடுகிறோம். கடலுக்கும் உரம் போடலாம் என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? விஞ்ஞானிகள் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள்.

கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்செடிகள் கோடானுகோடி மிதக்கின்றன. 'பிளாங்டன்' எனப்படும் மிதவை உயிர்களில் இவை ஒரு வகை. மரஞ்செடிகளைப் போல இவையும் வெயிலின் துணையால் கரியமில வாயுவை உட்கொண்டு பிராண வாயுவை வெளியிடுகின்றன. உலகில் நடக்கும் இவ்வேலையில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது. இச்செடிகள் மடிந்து ஆழத்தில் அமிழ்ந்தால், அவை உட்கொண்ட கரியும் கூடவே போய்விடும்.

தென்துருவத்தைச் சூழ்ந்த கடலில் மற்றச் சத்துகள் பல உண்டு. இரும்புச் சத்துதான் மிகக் குறைவு. இரும்பைத் தூவினால் செடிகள் பெருகும் என்றார் அமெரிக்க விஞ்ஞானி ஜான் மார்ட்டின். பாதிக் கப்பல் இரும்பு கிடைத்தால் பனியுகத்தையே வரவழைப்பேன் என்று 1988இல் வேடிக்கையாகச் சொன்னவர் இவர். 1993இல் அவர் காலமானார். அதே ஆண்டில், பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே முதற்சோதனை நடந்தது. செடிகள் பெருகவே செய்தன.

ஆனால், பெருகினால் போதுமா? அமிழ வேண்டுமே!

2004இல் ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' கப்பல் தென்கடலில் இரும்பைத் தூவியது. கண்ணாடி போன்ற ஓடுடைய 'டயாட்டம்' என்னும் செடிகள் வளர்ந்தன. அவற்றில் பாதிக்கு மேல் 1,000 மீட்டருக்கும் கீழே அமிழ்ந்தன. 2009இல் இந்திய விஞ்ஞானிகளும் ஜெர்மானியர்களும் அதே கப்பலில் சென்று, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் மீண்டும் முயன்றார்கள். அங்கே ஓடு கட்டத் தேவையான சிலிக்கா குறைவு. டயாட்டம் வளரவில்லை. வளர்ந்த வேறு செடிகளையும் சிறு பூச்சி போன்ற கடலுயிர்கள் தின்றுவிட்டன. ஆழத்துக்குப் போன கரி மிகச் சொற்பம்.

பெருமளவில் உரமிட்டால் வேறு ஆபத்தும் உண்டு. அடியில் அழுகும் செடிகள் நீரிலுள்ள பிராண வாயுவைக் குறைத்துவிடலாம். வேறிடத்து மீன்களுக்குச் சேரவேண்டிய சத்தும் குறையலாம். ஆகவேதான் 2013இல் லண்டன் உடன்படிக்கை நாடுகள், முறையான ஆராய்ச்சிக்கு மட்டும் இடம் தரும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டன.

ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் விடும் புகையையெல்லாம் கடல் விழுங்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. புகையைக் குறைப்பதே முதல் வேலை.