தொழிலும் தலைமையும் – 14: வாட் கண்டதும் போல்டன் விற்றதும்

1712-ஆம் வருஷம் முதலாக இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைத்துவந்த நியூகோமன் யந்திரத்தைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தோம். உருளைக்குள் நீராவியை நிரப்பி, அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீச்சி, ஆவி சுருங்குவதால் உண்டாகும் வெற்றிடத்துக்குள் வெளிக்காற்று உந்துதண்டை அமுக்கும்படி செய்வதே அதன் உபாயம். ஆனால் ஒவ்வொரு தடவையும் உருளையைக் குளிரவைத்து மறுபடியும் சுடவைக்க வேண்டியிருந்தமையால், எரித்த கரியில் பெரும் பங்கு வெறும் இரும்பைச் சூடாக்குவதிலேயே விரயமாயிற்று. கிளாஸ்கோ சர்வகலாசாலைக்குக் கருவிகள் செய்து கொடுத்துவந்த ஜேம்ஸ் வாட், பழுது பார்ப்பதற்காகத் தம்மிடம் வந்த ஒரு சிறு மாதிரி யந்திரத்தில் இந்த விரயத்தைக் கவனித்து, நெடுநாள் சிந்தித்து, 1765-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலாவப் போன இடத்தில், ஆவியைத் தனியாக வேறொரு பாத்திரத்தில் சுருங்கச் செய்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்குமே என்ற முடிவுக்கு வந்தார். கண்டுபிடிப்பு அந்த உலாவலோடு பூர்த்தியாகிவிட்டது. யந்திரம் வியாபாரத்துக்கு வந்து ஓடியதோ 1776-இல்.

இடையிலுள்ள பதினொரு வருஷங்களைப் பெரும்பாலான சரித்திரப் புத்தகங்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. வாட்டின் கடன்களை ஏற்றுக்கொண்டு, பேடண்டு உரிமையில் மூன்றில் இரண்டு பங்கு பெற்ற ஜான் ரோபக் என்பவர், சுரங்கத் தொழிலில் பணத்தைப் போட்டு நொடித்துப் போனார். வாட்டோ ஜீவனத்துக்காகக் கால்வாய்களுக்கு நிலம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். விலை பேசுவதும் கணக்குத் தீர்ப்பதும் அவருக்குப் பிராண சங்கடம். அவற்றைவிடக் குண்டு போட்ட பீரங்கிக்கு எதிரே நிற்பது மேல் என்று கருதிய சுபாவம் அவருடையது.

பர்மிங்ஹாமுக்கு அருகே ஸோஹோவில் பொத்தான்களும் வார்ப்பூட்டுகளும் வெள்ளிச் சாமான்களும் செய்துவந்த மாத்யூ போல்டனிடம், மூன்று மாகாணங்களில் மட்டும் அந்த யந்திரத்தைச் செய்துகொள்ள உரிமை தருவதாக 1769-இல் பேச்சு வந்தபோது, மூன்று மாகாணங்களுக்காகச் செய்வது தமக்குக் கட்டாது, உலகம் முழுவதற்குமாகச் செய்வதானால் யோசிக்கலாம் என்று அவர் மறுத்துவிட்டார். கோடையில் ஓடை வற்றித் தம் ஆலைச் சக்கரம் நின்றுவிடுவதைக் கண்டு சலித்தவர் அவர். ஆகையால் அந்த யந்திரத்தின் அருமை அவருக்குத் தெரியாமலில்லை. 1773-இல் ரோபக்கின் சொத்துகளைப் பிரித்துக்கொள்ள வந்த கடன் கொடுத்தவர்கள் வாட்டின் யந்திரத்தைக் காலணாவுக்கும் மதிக்கவில்லை. தமக்கு வரவேண்டிய சுமார் 1,200 பவுனுக்கு ஈடாக அந்தப் பங்கைப் போல்டன் எடுத்துக்கொண்டார். 1775-இல் பார்லிமெண்டில் தனிச் சட்டம் செய்வித்து, பேடண்டை 1800 வரையில் நீட்டிக்கச் செய்தார். ஆவி கசியாத உருளை வேண்டுமே? அதற்கு, பீரங்கிக் குழாய் குடைவதில் கைதேர்ந்த ஜான் வில்கின்ஸன் அகப்பட்டார்; அவர் குடைந்து கொடுத்த 50 அங்குலக் குறுக்களவுள்ள உருளையில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகு இல்லை.

இவ்வளவும் சாமர்த்தியமே, எனினும் போல்டனுடைய மேதையின் உரைகல்லாக நான் கருதுவது கார்ன்வால் வியாபாரம்தான். அங்கே செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போயின, நீர் பெருகிற்று, கரியோ அந்தச் சீமையில் கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். கரியை மிச்சப்படுத்தும் யந்திரத்துக்கு இதைவிட நல்ல சந்தை இல்லை. ஆயினும் பழைய யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், கேள்விப்படாத புதிய யந்திரத்துக்குப் பெருந்தொகை கொடுக்கச் சுரங்கக்காரர் எவர் துணிவார்? போல்டனும் வாட்டும் யந்திரத்தை விற்கவே இல்லை. உருளை முதலிய பாகங்களைச் சுரங்கக்காரரே அவரவர் செலவில் வாங்கிக்கொள்ள வேண்டியது. வரைபடமும், முக்கியமான சில சில்லறைப் பாகங்களும், பூட்டி நிறுத்தும் ஆளும் ஸோஹோவிலிருந்து வரும். பழைய யந்திரம் தின்றிருக்கக்கூடிய கரிக்கும் புதியது தின்னும் கரிக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டாளிகளுக்குச் செலுத்தினால் போதும். மிச்சமில்லையானால் கட்டணமும் இல்லை. யந்திரம் எத்தனை தரம் ஏறி இறங்கிற்று என்று எண்ணும் கருவியொன்றைப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்து, உத்தரத்தின்மேல் பொருத்திவிட்டார்கள். சாவி சுரங்கக்காரர் கையில் இல்லை. வாட் கண்டது ஆவியின் சுபாவத்தை. வாங்குகிறவனுடைய பயத்தைக் கண்டு, அதற்கு ஈடு கட்டுகிற ஏற்பாட்டை வியாபாரத்துக்கு அஸ்திவாரமாக வைத்தவர் போல்டன். பின்னாளில் அதே சுரங்கக்காரர்கள், வருஷந்தோறும் மிச்சத்தில் பங்கு அளக்க மனமில்லாமல், கூட்டாளிகளைக் கொள்ளைக்காரர்கள் போலத் தூஷித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீர் இறைப்பதோடு திருப்தியடைந்திருந்த வாட்டை, ஆலைகளைச் சுழற்றும் யந்திரத்துக்குத் தூண்டிக்கொண்டே இருந்தவரும் போல்டன்தான். ஆலைகளில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நீராவி யந்திரம் இல்லை, குதிரைகளே இருந்தன. ஆகவே நிமிஷத்துக்கு 33,000 ராத்தலை ஓர் அடி உயர்த்தும் வேலையை ஒரு குதிரையின் சக்தி என்று நிர்ணயித்து, குதிரை ஒன்றுக்கு வருஷம் 5 பவுன், லண்டனில் 6 பவுன் என்று வாங்கினார்கள். நம் வீட்டு மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் குதிரைசக்தி, ஆதியில் பில் போடுவதற்கு வந்த அளவு.

ஆயினும் போல்டனைப் பூரண புருஷராக்கிவிட நான் தயாரில்லை. கார்ன்வாலில் அவர்களுடைய ஆளாக இருந்த வில்லியம் மர்டாக், தானே ஓடும் நீராவி வண்டியின் மாதிரியைச் செய்து, பேடண்டு வாங்குவதற்காக 1786-இல் லண்டனுக்குப் புறப்பட்டார். எக்ஸிடருக்கு அருகே எதிரே வந்த போல்டன், அவரைச் சமாதானம் செய்து திருப்பி அழைத்துப் போய்விட்டார். ட்ரூரோ நகரத்து விடுதிக் கூடத்தில் அந்தச் சின்ன வண்டி, அடுப்புக்கான கரண்டியையும் குறட்டையும் சுமந்துகொண்டு சுற்றிச் சுற்றி ஓடியதைப் பார்த்தவரும் அவரே. பார்த்தும், இருக்கிற வியாபாரத்துக்கு ஒரு நல்ல ஆளை இழக்கக்கூடாது என்ற கவலையே அவருக்கு மேலோங்கி நின்றது. வாட்டின் பேடண்டு 1800-இல் காலாவதியாயிற்று. மறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கார்ன்வாலிலுள்ள கேம்போர்னில் ரிச்சர்டு ட்ரெவிதிக் செய்த நீராவி வண்டி மனிதர்களை ஏற்றிக்கொண்டு மேட்டின்மேல் ஏறிற்று. ட்ரெவிதிக்குக்குப் போல்டனைப் போன்ற கூட்டாளி ஒருவரும் வாய்க்கவில்லை. அதனால் விளைந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)