கடைத்தெருவுக்கும் நிழல் வேணும்

(வானொலி வேளாண் உரை)



பாரிவாக்கத்திலே விடியற்காலையில் பறித்த கீரையைப் பூந்தமல்லி கடைத்தெருவுக்குக் கொண்டு போய் வெயிலிலே பரப்பினால், பத்து மணிக்கெல்லாம் வாடிவிடும். வாடின கீரைக்குப் பாதி விலைதான். கீரை மட்டுமா வாடுகிறது? வாங்க வருகிறவரும் வெயில் தாங்காமல், குளிரூட்டிய பெரிய கடைக்குள்ளே போய்விடுகிறார். தெரு வெறிச்சோடினால் கடைக்காரரோடு நமக்கும் நட்டம்தான். ஆகவே, அங்கே மரம் வைப்பது நம்ம காரியமும்கூட.

தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். மரம் வெயிலைத் தடுக்கும்; இலை வழியே நீராவியை விட்டுக் காற்றையும் குளிர வைக்கும். சென்னைப் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில், நடக்கிறவர்களுக்காக அகலமான நடைபாதை திறந்தார்கள். நடக்க இடமும் நிற்க நிழலும் இருந்தால்தான் ஜனங்கள் கடை கடையாகப் பார்த்து வாங்குவார்கள்.

எந்த மரம் வைப்பது? 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். மயில்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சுற்றிலும் சிமெண்டு பூசி, வேர் ஓட இடமில்லாமல் செய்தால் எந்த மரமும் நிற்காது. இடமுள்ள பக்கம் புங்கன், வேம்பு, மகிழம் வைக்கலாம். புங்கன், இலை உதிர்ந்தாலும் சித்திரை வெயிலுக்குள் தழைத்துவிடும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவழமல்லி போதும். ஆலும் அரசும் சுவரைப் பிளக்கும், வேண்டாம்.

முதலில் நகராட்சியிடமும், சாலை யாருடையதோ அந்தத் துறையிடமும் அனுமதி வாங்குங்கள். மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண், ஏரி வண்டல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றாக இருந்தால் ஆடு எட்டாது. ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டு, முட்டுக்கம்பும் கூண்டும் வையுங்கள். அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சிமெண்டு போட விடாதீர்கள். ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டவும் கூடாது.

"மரம் என் கடைப் பலகையை மறைக்குமே" என்பார் கடைக்காரர். மரம் வளர வளர, கீழ்க்கிளைகளைப் பத்தடி வரை கழித்துவிட்டால் பலகையும் தெரியும், நிழலும் விழும்னு சொல்லுங்க.

நடுவது ஒருநாள் வேலை. தண்ணீர் ஊற்றுவது இரண்டு வருஷ வேலை. அங்கேதான் கன்றுகள் சாகின்றன. ஆகவே, ஒரு கடைக்கு ஒரு மரம் என்று பேசி, பொறுப்பாளர் பெயரை முடிவு செய்த பிறகே குழி வெட்டுங்கள். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு குடம் தண்ணீர் போதும். சந்தைக்குப் போகிற நாளில் நீங்களும் ஒரு குடம் ஊற்றுங்கள்.