மாடு கன்று வீசினால் எலியிடம் கேட்பதா?

எங்கள் சினைமாடு ஐந்தாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. "கண்ணு பட்டுருச்சு சாமி" என்றார் அப்பத்தா. அந்தப் பாலை நம்பித்தான் என் டிப்ளமோ கட்டணமே! காரணம் கடைசிவரை தெரியவில்லை.

நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியாலும் இப்படி நேரலாம். இந்தியாவில் பிறந்த ஜே.பி. துபேயின் குழு 1988-ல் அதற்குப் பெயரிட்டது. நாயின் கழிவு வழியாகத் தீவனத்தில் கலக்கும். தாயிடமிருந்து கருவுக்கும் போகும். நோயுள்ள மாட்டின் நஞ்சுக்கொடியைத் தின்றால் நாய்க்கும் தொற்றும். (நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டுகிறோமே, நல்ல வழக்கம்தான்!)

இதை ஆராய எலி எதற்கு? மாட்டுச் சினை ஒன்பது மாதம்; சுண்டெலிக்கு மூன்றே வாரம், செலவும் கம்மி. ஆனால் எலியின் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் கருவின் திசுவை நேராகத் தொடும். மாட்டில் நடுவே தாயின் திசு தடுப்பாக நிற்கும். எனவே எலியில் பலித்த தடுப்பூசி மாட்டிலும் பலிக்கும் என்று நம்பிவிட முடியாது. செம்மறியின் நஞ்சுக்கொடி கிட்டத்தட்ட மாட்டினுடையது மாதிரி, சினையும் ஐந்தே மாதம். அதனால் எலிக்கு அடுத்து செம்மறியிலும் சோதிக்கிறார்கள்.