மயிலைத் தேரை அடக்கும் மரக்கட்டை!

வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். கட்டை போடுவதற்கோ, கைதேர்ந்த சிலர்தான் உண்டு. தேர் பத்திரமாக நிலைக்கு வந்து சேருவது அந்தச் சிலரின் கையில் இருக்கிறது!

சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில், பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். மறுநாள் அறுபத்துமூவர் விழா. சுமார் 40 அடி உயரமுள்ள தேர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வரும் காட்சியைக் காண ஜனங்கள் அலைமோதுவார்கள்.

இழுப்பது எளிது

தேருக்கு வடங்கள் இடமும் வலமுமாகப் பூட்டப்படுவது வழக்கம். இரண்டிலும் இழுப்பு சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

நின்ற தேரை அசைப்பது சிரமம். அதற்காகப் பின்புறம் நெம்புகோல் கொடுத்து உந்துவார்கள். உருளத் தொடங்கிவிட்டாலோ, கவலை வேறு. வடம் இழுக்கத்தான் உதவும், தடுக்க உதவாது. வடத்தை விட்டுவிட்டாலும் தேர் உடனே நிற்காது. இழுத்தவர்கள் மீதே வந்துவிடும்!

முட்டுக்கட்டை

பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை’ என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று பொருள். தேரோட்டத்திலோ அதுதான் உயிர் காக்கும் கருவி. ஆப்பு வடிவில் செதுக்கிய கனத்த மரக்கட்டை அது. இதைச் சக்கரத்தின் முன்னே கொடுத்தால் வேகம் தணியும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால், மறுபக்கம் முன்னேறித் தேர் திரும்பும். வீதி முனைகளில் தேர் திரும்பும் ரகசியம் இதுவே.

உருளும் சக்கரத்தின் அருகே குனிந்து செய்யும் வேலை இது. கண நேரம் தவறினாலும் கை, கால் போய்விடும்.

திருவாரூர்த் தேர்

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை ஓயவில்லை.

மோட்டார் காரின் பின்னால் டிரெயிலரைப் பூட்டி இழுப்பவர்களுக்கும் இதே விதிதான். கொக்கி மட்டும் போதாது. கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதபடி சங்கிலி வேண்டும். கனத்த டிரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும். சுமையும் தாழ்வாக இருக்க வேண்டும். நம் தேர்களிலும் கனத்த சிற்ப வேலை அடியில்தான் இருக்கிறது. மேலே மூங்கிலும் சீலையும்தான்!

மறக்க முடியாத பாடம்

2022 ஏப்ரல் 27-ந் தேதி, தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் மாண்டார்கள். சக்கரத்தைக் கவனித்தால் மட்டும் போதாது, மேலேயும் கண் வேண்டும் என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது.

வடம் பிடிக்கச் செல்வோர் சக்கரத்தின் அருகே போகக் கூடாது. குழந்தைகளை வடத்தின் நடுவே விடக் கூடாது. கட்டை போடுகிறவர் ‘நிறுத்து’ என்று கை காட்டினால், அந்தக் கணமே இழுப்பதை நிறுத்த வேண்டும். அவர் பேச்சைக் கேட்டால் தேரும் நிலைக்கு வரும். ஜனங்களும் வீடு திரும்புவார்கள்.