காதுவலிக்குப் பூண்டு எண்ணெய்: ஆதாரம் எவ்வளவு?

இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய காந்தல்லூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலக்காட்டின் அட்டப்பாடித் துவரைக்கும் அதே நேரத்தில்தான் கிடைத்தது. துவரை குழம்போடு நின்றுவிடும். பூண்டு காதுக்குள்ளும் போகும். நடுராத்திரியில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், இரண்டு பல்லைத் தட்டி, நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ சிவக்கக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுவது தமிழ், மலையாள வீடுகள் இரண்டிலும் நடக்கும் கைவைத்தியம்.

இதில் விஷயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பூண்டும் வேறு சில மூலிகைகளும் சேர்ந்த எண்ணெய்ச் சொட்டு மருந்தை இஸ்ரேல் மருத்துவர்கள் 103 பிள்ளைகளிடம் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். காதை மரத்துப்போகச் செய்யும் ஆங்கில மருந்துக்கு இணையாக அது வலியைக் குறைத்தது. 2003-இல் 171 பிள்ளைகளிடம் நடத்திய அடுத்த ஆய்வுதான் முக்கியம். வலி குறைந்ததில் சுமார் 80 சதவீதம் நாள் கடந்ததால் வந்தது. சிகிச்சையின் பங்கு 7.3 சதவீதம்தான். பாட்டி வைத்தியத்துக்குக் கிடைக்கும் பேரில் பெரும்பகுதி, தானாக ஆறும் உடம்புக்குச் சேர வேண்டியது. ஆய்வுகளில் சோதித்ததும் முறைப்படி தயாரித்த கலவை. தாளிக்கிற கரண்டியில் காய்ச்சியதல்ல.

துளசிச் சாறு விடுவோரும் உண்டு. அதன் உறவான திருநீற்றுப்பச்சிலையின் எண்ணெய், 2005-இல் வெளியான ஆய்வில் எலிகளின் நடுக்காது நோயைப் பெருமளவு குணமாக்கியது. எலிக்குக் கேட்டது பிள்ளைக்கும் கேட்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சளி பிடித்தபின் வரும் காதுவலி பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. பறை நன்றாக இருந்தால் எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடும். கிடைப்பது இளஞ்சூட்டின் இதம்தான். பறை கிழிந்திருந்தால் கிருமி நீக்காத எண்ணெய் நேரே உள்ளே இறங்கும். கிழிந்திருக்கிறதா என்பதை வீட்டில் பார்த்துச் சொல்ல வழியில்லை. காதில் எண்ணெயோ மூலிகைச் சாறோ ஊற்றாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். காதின் மேல் இளஞ்சூட்டுத் துணி ஒற்றலாம். சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கைக்குழந்தை என்றாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூண்டு ரசத்தோடு இருக்கட்டும்.